தப்பான எண்ணுக்குப் பேரம்

“எத்தனை மெகாஹெர்ட்ஸ் வேணும் சார்?”

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய சி.ஆர்.ஓ. (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்) கேட்டுப் போனால் முதலில் வருகிற கேள்வி இதுதான். அன்று நான் ஏறி இறங்கிய நாலு கடையிலும் இதையே கேட்டார்கள். குக்கர் வாங்கப் போனால் எத்தனை லிட்டர் என்று கேட்பதில்லையா, அதுபோல. கேள்வியில் குறையில்லை; என்னிடம்தான் பதில் இல்லை. “இருபது இருந்தா பாக்கலாம்ணா” என்றேன், விவரம் தெரிந்தவன்போல.

இருந்தது. ஏதோ ஒரு கல்லூரி ஆய்வகத்திலிருந்து கழித்துக் கட்டிய இரட்டைச் சேனல் பெட்டி. 6,000 ரூபாயில் தொடங்கிய பேச்சு 4,500-இல் வந்து நின்றது. ஆட்டோவில் மடிமீது வைத்துக்கொண்டு வரும்போதே மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன்: 4,500-ஐ 20-ஆல் வகுத்தால் மெகாஹெர்ட்ஸுக்கு 225 ரூபாய். வீட்டுக்கு வந்ததும் நோட்டின் முதல் பக்கத்தில் 225 என்று எழுதிச் சுற்றி ஒரு வட்டமும் போட்டேன்.

அந்த நோட்டில் அதற்கப்புறம் ஏறிய எண்கள்தான் இந்தக் கட்டுரை. வாங்கப் போவதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டிய கணக்கை வாங்கி வந்த பிறகு போட்டேன். அடுத்தவர்களாவது வரிசையை மாற்றிக்கொள்ளலாம்.

வரவுப் பக்கம்: எதைப் பார்க்கப் போகிறோம்?

வீட்டு மேசையில் எலெக்ட்ரானிக்ஸ் நோண்டுகிறவருக்கு உண்மையில் என்னென்ன அலைகள் எதிர்ப்படும்? என் மேசைக்கு வந்தவற்றை வேகத்தின் வரிசையில் எழுதினேன். 13 வரி வந்தது.

1. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை பிரிட்ஜ் வைத்து டி.சி.யாக்கியதும் மிஞ்சும் ரிப்பிள்: 100 ஹெர்ட்ஸ்
2. ஆர்டுவினோ ஊனோவின் பி.டபிள்யூ.எம்.: 490 ஹெர்ட்ஸ் (5, 6-ஆம் பின்களில் 980)
3. 9,600 பாட் சீரியல்: ஒரு பிட் 104 மைக்ரோநொடி
4. ஆம்ப்ளிஃபயர், காது கேட்கும் உச்சம்: 20 கிலோஹெர்ட்ஸ்
5. 1,15,200 பாட் சீரியல்: ஒரு பிட் 8.68 மைக்ரோநொடி
6. எல்.எம். 2596 வைத்த பக் கன்வெர்ட்டர்: 150 கிலோஹெர்ட்ஸ்
7. ஐ2சி: 100 அல்லது 400 கிலோஹெர்ட்ஸ்
8. மீடியம் வேவ் ரேடியோவின் ஐ.எஃப். (இடைநிலை அதிர்வெண்): 455 கிலோஹெர்ட்ஸ்
9. சென்னை வானொலி, மீடியம் வேவ்: 720 கிலோஹெர்ட்ஸ்
10. ஊனோவின் எஸ்.பி.ஐ., அதிகபட்சம்: 8 மெகாஹெர்ட்ஸ்
11. எஃப்.எம். ரேடியோவின் ஐ.எஃப்.: 10.7 மெகாஹெர்ட்ஸ்
12. ஊனோவின் கிளாக்: 16 மெகாஹெர்ட்ஸ்
13. சென்னை எஃப்.எம். ரெயின்போ: 101.4 மெகாஹெர்ட்ஸ்

முதல் 9 வரிகளும் 1 மெகாஹெர்ட்ஸைக்கூடத் தொடவில்லை. 20 மெகாஹெர்ட்ஸ் பெட்டிக்கு இவை பழைய சோறு. 13-ஆவது வரி அதற்கு எட்டாது. நடுவில் உள்ள மூன்றும் இரண்டுங்கெட்டான்.

அந்தக் காலத்து டி.வி. மெக்கானிக் கடைகளில் 20 மெகாஹெர்ட்ஸ் பெட்டியே போதுமானதாக இருந்ததற்கும் இதே கணக்குதான் காரணம். பால் (PAL) முறை டி.வி.யில் ஒரு கோடு 64 மைக்ரோநொடி, வண்ணத் துணை அலை 4.43 மெகாஹெர்ட்ஸ், படத்தின் பேண்ட்விட்த் 5 மெகாஹெர்ட்ஸ். டியூனரையும் ஐ.எஃப்.-ஐயும் விட்டால் மற்றதெல்லாம் 20-க்குள் அடக்கம்.

20 என்றால் 20 இல்லை

முகப்பில் 20 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால், அந்த வேகத்தில் வரும் சைன் அலை திரையில் 70.7 விழுக்காடு உயரத்தில் தெரியும் என்று பொருள். 10 வோல்ட் அலை 7 வோல்ட்டாக நிற்கும். 11-ஆவது வரியில் உள்ள 10.7 மெகாஹெர்ட்ஸ் ஏறக்குறைய 88 விழுக்காடு உயரத்தில் வரும். அலை இருக்கிறதா இல்லையா என்று பார்க்க இது போதும், அளந்து எழுத இது போதாது.

சதுர அலையென்றால் கெடுபிடி இன்னும் அதிகம். சதுரம் சதுரமாகத் தெரிய அதன் மூன்றாம், ஐந்தாம் மடங்கு அலைகளும் உள்ளே வர வேண்டும். 16 மெகாஹெர்ட்ஸ் கிளாக்குக்கு அவை 48-உம் 80-உம். 20 மெகாஹெர்ட்ஸ் பெட்டி அவற்றை வாசலிலேயே நிறுத்திவிடும். ஊனோவின் கிளாக் என் திரையில் வழவழவென்று சைன் அலையாக வந்தபோது சிப்பில்தான் கோளாறு என்று அரை மணி நேரம் தேடினேன்.

இதற்கு ஒரு சின்னச் சூத்திரம் உண்டு. 0.35-ஐ பேண்ட்விட்த்தால், அதாவது முகப்பில் போட்டிருக்கும் மெகாஹெர்ட்ஸால், வகுத்தால் பெட்டியின் சொந்த ஏறு நேரம் (அலையின் விளிம்பு மேலே ஏற எடுக்கும் நேரம்) வரும். 20 மெகாஹெர்ட்ஸுக்கு 17.5 நானோநொடி, 60-க்கு 5.8, 100-க்கு 3.5. அசல் அலை 10 நானோநொடியில் ஏறுகிறது என்று வையுங்கள். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், 20 மெகாஹெர்ட்ஸ் திரையில் அது 20.2 நானோநொடியாகத் தெரியும். 100 மெகாஹெர்ட்ஸ் திரையில் 10.6. முன்னதில் நாம் பார்ப்பது பெரும்பாலும் பெட்டியின் மந்தத்தைத்தான்.

சதுர அலைக்கு பேண்ட்விட்த்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். 20 மெகாஹெர்ட்ஸ் பெட்டி 4 வரைக்கும் நம்பகம்.

கடையில் 42 கிளிக்

பழைய பெட்டியில் பிக்சர் டியூப் போய்விட்டால் அதன் கதை முடிந்தது. மாற்று டியூப் தேடும் செலவில் இன்னொரு பெட்டியே வாங்கிவிடலாம். அதனால் முதலில் கோட்டைத்தான் பார்க்க வேண்டும். 20 நிமிஷமாவது ஓடவிட்டு, கோடு ஊசி முனைபோல் குவிகிறதா, வேகப் படிகளிலும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் இருக்கிறதா, நடுவில் எரிந்த தழும்பு உண்டா என்று பார்க்கலாம்.

பிறகு குமிழ்கள். என் பெட்டியில் வோல்ட் குமிழ் 5 மில்லிவோல்ட்டில் தொடங்கி 1, 2, 5 என்ற வரிசையில் 20 வோல்ட் வரை 12 படி. இரண்டு சேனலுக்கு 24. நேரக் குமிழ் 0.5 மைக்ரோநொடியிலிருந்து 0.2 நொடி வரை 18 படி. ஆக மொத்தம் 42 கிளிக். ஒன்றையும் விடாமல் திருகினேன்.

“சார், என்ன ஸ்டேஷன் தேடுறீங்க?” என்றார் கடைக்காரர்.

முகப்பிலேயே நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தகட்டில் 1 கிலோஹெர்ட்ஸ், 2 வோல்ட் சதுர அலை வந்துகொண்டிருக்கும். புரோப்பை (அலையைப் பெட்டிக்குக் கொண்டுவரும் முனையுள்ள கம்பியை) அதில் மாட்டினால், 0.5 வோல்ட் படியில் திரையில் 4 கட்டம் உயரம் வர வேண்டும். 1 வோல்ட் படியில் 2 கட்டம். நேரக் குமிழை 0.2 மில்லிநொடியில் வைத்தால் ஒரு அலை 5 கட்டம் பிடிக்கும். மற்ற படிகளில் குமிழை லேசாக ஆட்டி, கோடு துள்ளுகிறதா என்று பார்த்தால் போதும்.

இரண்டாம் சேனல், 50 மில்லிவோல்ட் படி. கோடு திடீரென்று மறைந்தது. குமிழை விரலால் நெருடியதும் திரும்பி வந்தது. உள்ளே சுவிட்ச் கறுத்திருக்கிறது. அதுவரை 4,800-இல் உட்கார்ந்திருந்த விலை அதைக் காட்டியதும் 4,500-க்கு இறங்கியது. 42 கிளிக்கின் கூலி 300 ரூபாய். அந்தச் சுவிட்சைச் சுத்தம் செய்ய வாங்கிய ஸ்ப்ரே 280 ரூபாய். நிகர லாபம் 20.

செலவுப் பக்கம்

பெட்டி மேசையில் ஏறி, நம்பி அளக்கும் நிலைக்கு வருகிறவரை ஆன செலவு இது:

பெட்டி: 4,500
புது புரோப், 100 மெகாஹெர்ட்ஸ், 2 × 650: 1,300
எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர், 11: 190
கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே: 280
மூணு பின் கார்டு, ஃபியூஸ் 5: 150
பி.என்.சி. கேபிள், டி இணைப்பு: 240
ஆட்டோ: 320
மொத்தம்: 6,980 ரூபாய்

கண்டென்சரை எல்லோரும் மாற்ற வேண்டும் என்றில்லை. என் பெட்டியில் கோடு நேராக நிற்காமல் மெல்ல நெளிந்தது. நேரக் குமிழை 5 மில்லிநொடியில் வைத்துப் பார்த்தால் 2 கட்டத்துக்கு ஒரு நெளிவு. 10 மில்லிநொடிக்கு ஒன்று என்றால் 100 ஹெர்ட்ஸ், அதாவது 13 வரியில் முதல் வரி! பெட்டியின் பவர் சப்ளையில் இருக்கும் கண்டென்சர்கள் வற்றியிருந்தன. தன் நோயைத் தானே திரையில் எழுதிக் காட்டிய பெட்டி அது.

திறப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த ரகப் பெட்டிகளில் டியூபுக்குப் போகும் மின்னழுத்தம் 2,000 வோல்ட் அளவில் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் சார்ஜ் தங்கியிருக்கும். நான் ராத்திரி முழுக்க விட்டுவிட்டு, காலையில் மீட்டர் வைத்துச் சரிபார்த்த பிறகே கை வைத்தேன்.

கரண்ட் செலவைக் கேட்கிறவர்கள் உண்டு. இந்தப் பெட்டி சுமார் 40 வாட் இழுக்கும். தினம் 2 மணி நேரம், 60 நாள் ஓட்டினால் 4.8 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்தக் கணக்கில் இது பருப்புக்குள் கடுகு.

புதுசோடு ஒப்பிட ஒரே ஒரு எண். அளவுக் கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு. வரிக்கு முன் 20,000 ரூபாய் விலையுள்ள புதுக் கருவி வாங்கினால் வரி மட்டும் 3,600. என் பெட்டியின் விலையில் அது ஐந்தில் நாலு பங்கு.

புரோப் என்னும் வாசல்

பெட்டியோடு கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த பழைய புரோப் ஒன்றும் இருந்தது. அதில் 10 எக்ஸ் (அலையைப் பத்தில் ஒன்றாக்கித் தருவது) கிடையாது, 1 எக்ஸ் (அப்படியே தருவது) மட்டும். 1 எக்ஸ் புரோப்பின் பேண்ட்விட்த் பொதுவாக 6 முதல் 10 மெகாஹெர்ட்ஸ். 20-க்குக் காசு கொடுத்துவிட்டு 6-ஐ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இப்படித்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல் பாரம். 10 எக்ஸ் புரோப் சர்க்யூட்டின்மேல் 10 மெகாஓம், 15 பிகோஃபாரட் அளவில்தான் ஏறி உட்காரும். 1 எக்ஸ் புரோப் 1 மெகாஓம், 100 பிகோஃபாரட்டுக்கு மேல். ஊனோவில் உள்ள ஏ.டி.மெகா 328 சிப்பைத் தனியாக வைத்து 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போடும்போது நாம் சேர்க்கிற கண்டென்சரே 22 பிகோஃபாரட்தான். அந்தப் பின்னில் 1 எக்ஸ் புரோப்பை வைத்தால் கிரிஸ்டல் ஓடுவதையே நிறுத்திவிடக்கூடும். நோயாளியின் மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் ஆகும்.

அதற்காக 1 எக்ஸைத் தூக்கி எறியவும் முடியாது. 5 மில்லிவோல்ட் படியில் 10 எக்ஸ் மாட்டினால் கட்டத்துக்கு 50 மில்லிவோல்ட் ஆகிவிடும். 20 மில்லிவோல்ட் ரிப்பிள் அரைக் கட்டம்கூட வராது. 100 ஹெர்ட்ஸ் ரிப்பிளுக்கு 1 எக்ஸ்தான் சரி. ஒன்று, பத்து இரண்டும் மாற்றிக்கொள்ளும் சுவிட்ச் உள்ள புரோப்புக்கு 650 ரூபாய் கொடுத்தது அதனால்தான்.

அதில் ஒன்று நாலாம் மாதம் கருகியது. பழைய டி.வி.டி. பிளேயரின் எஸ்.எம்.பி.எஸ். போர்டு, 230 வோல்ட்டை நேரடியாக டி.சி.யாக்கும் முன்பக்கம். அங்கே சுமார் 325 வோல்ட் நிற்கும். அதன் மைனஸ் கோட்டைத் தரை என்று நினைத்து புரோப்பின் முதலைக் கிளிப்பைக் கடிக்கவிட்டேன். அந்தக் கிளிப் பெட்டியின் உடல் வழியாக வீட்டு எர்த்தோடு சேர்ந்தது என்பது புத்தகத்தில் படித்ததுதான். ‘பட்’டென்று ஒரு வெடி. கிளிப்பின் பல் உருகிப் போர்டோடு ஒட்டிக்கொண்டது, எம்.சி.பி. விழுந்தது, வீடு இருண்டது. பெட்டி பிழைத்தது. நோட்டில் 650 ஏறி, மொத்தம் 7,630 ஆனது.

இதற்கு வைத்தியமாகப் பெட்டியின் எர்த் பின்னை வெட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் கிளிப் வெடிக்காது; பெட்டியின் உடலும் நாம் தொடுகிற குமிழ்களும் 325 வோல்ட் வரை ஏறும். செலவில்லாத நல்ல வழி வேறு இருக்கிறது. இரண்டு புரோப்பையும் 10 எக்ஸில் வைத்து, கிளிப் எதையும் மாட்டாமல், இரண்டாம் சேனலைத் தலைகீழாக்கி முதல் சேனலோடு கூட்டினால் இரண்டு முனைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் திரையில் வரும். புரோப்பின்மேல் போட்டிருக்கும் வோல்ட் வரம்பை மட்டும் தாண்டக்கூடாது. இரட்டைச் சேனல் வாங்கச் சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

பதினாலாம் வரி: டி.வி. ரிமோட்

இவ்வளவும் ஆனபிறகு ஒரு நாள் வீட்டு டி.வி. ரிமோட் வேலை செய்யவில்லை. என்ன அனுப்புகிறது என்று பார்க்க ஆசை. பல ரிமோட்டுகள் பயன்படுத்தும் என்.இ.சி. முறையின் எண்கள் எளிமையானவை. 38 கிலோஹெர்ட்ஸ் அலை; தொடக்கத்தில் 9 மில்லிநொடித் துடிப்பு, 4.5 மில்லிநொடி மௌனம், பிறகு 562.5 மைக்ரோநொடித் துடிப்புகளாக 32 பிட். முழுச் செய்தி 67.5 மில்லிநொடியில் முடிந்துவிடும்.

38 கிலோஹெர்ட்ஸ் என்பது 20 மெகாஹெர்ட்ஸில் 500-இல் ஒரு பங்குக்கும் குறைவு. சுலபமாகத் தெரிய வேண்டும். பொத்தானை அழுத்தினேன். திரையில் மின்மினிபோல் ஒரு பளிச். அவ்வளவுதான். திரும்பத் திரும்ப அழுத்தினேன், திரும்பத் திரும்பப் பளிச்.

1897-இல் ஜெர்மன் இயற்பியலாளர் பிரவுன் செய்த கதிர்க்குழாயின் வம்சத்தில் வந்த பெட்டி இது. திரும்பத் திரும்ப வரும் அலையை ஒன்றின்மேல் ஒன்றாக வரைந்துதான் காட்டும். ஒரே ஒரு தடவை வந்து போகிறதைப் பிடித்து வைத்துக்கொள்ள அதனிடம் ஒன்றும் இல்லை. எனக்கு இல்லாமல் போனது மெகாஹெர்ட்ஸ் அல்ல, நினைவு. அந்த எண்ணை நாலு கடையில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்படியென்றால் பழைய டிஜிட்டல் பெட்டி, டி.எஸ்.ஓ., வாங்கியிருக்கலாமே? அங்கேயும் இதே எண்ணைத்தான் பார்க்க வேண்டும். பழைய சந்தையில் அடிபடும் டெக்ட்ரானிக்ஸ் டி.டி.எஸ். 210-ஐ எடுத்துக்கொள்வோம். 60 மெகாஹெர்ட்ஸ், நொடிக்கு 100 கோடி மாதிரி (சாம்பிள்). கேட்கவே கம்பீரமாக இருக்கிறது. நினைவோ 2,500 புள்ளி. ரிமோட்டின் முழுச் செய்தியும் திரைக்குள் வர, கட்டத்துக்கு 10 மில்லிநொடி வைக்க வேண்டும். 10 கட்டத்துக்கு 100 மில்லிநொடி. அதை 2,500-ஆல் வகுத்தால் புள்ளிக்கு 40 மைக்ரோநொடி. நொடிக்கு 100 கோடி என்றது 25 ஆயிரமாகச் சுருங்கிவிட்டது. 562.5 மைக்ரோநொடித் துடிப்புக்கு 14 புள்ளி கிடைக்கும், தேவலை. உள்ளே ஓடும் 38 கிலோஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று 26.3 மைக்ரோநொடி, அதற்கு ஒரு புள்ளிகூட முழுசாக விழாது.

ரைகோல் டி.எஸ். 1052இ-யில் பேண்ட்விட்த் 50 மெகாஹெர்ட்ஸ்தான். டி.டி.எஸ். 210-ஐவிட 10 குறைவு. ஆனால் நினைவு 10 லட்சம் புள்ளி. அதே 100 மில்லிநொடிக்குப் புள்ளிக்கு 0.1 மைக்ரோநொடி வருகிறது, ஒரு சுற்றுக்கு 263 புள்ளி. 2014-இல் வந்த அதன் தம்பி டி.எஸ். 1054இசட்-இல் சேனல் நாலு, நினைவு 1 கோடியே 20 லட்சம் புள்ளி. மெகாஹெர்ட்ஸை மட்டும் கேட்டு வாங்குகிறவர் இவற்றைத் தள்ளிவிட்டு 60-ஐத் தூக்கிக்கொண்டு போவார்.

கிட்டாக வரும் குட்டித் திரை டி.எஸ்.ஓ. 138-க்கும் இதே தராசுதான். நொடிக்கு 10 லட்சம் மாதிரி, 200 கிலோஹெர்ட்ஸ், 1,024 புள்ளி. 13 வரியில் முதல் நாலுக்குத் தாராளம், ஆறாம் வரியில் மூச்சு வாங்கும். ஹான்டெக் 6022பி.இ. என்ற யு.எஸ்.பி. பெட்டி 20 மெகாஹெர்ட்ஸ் என்று சொல்லிக்கொண்டாலும் எடுப்பது நொடிக்கு 4 கோடியே 80 லட்சம் மாதிரி. 10 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சுற்றுக்கு 5 புள்ளிகூட இல்லை.

கடைசி வரவு: 750 ரூபாய்

நான் டி.எஸ்.ஓ. வாங்கவில்லை. கட்டைவிரல் அளவில் ஒரு லாஜிக் அனலைசர் வாங்கினேன். 8 சேனல், நொடிக்கு 2 கோடியே 40 லட்சம் மாதிரி, நினைவுக்குக் கணினி. 750 ரூபாய். இது 0-வா 1-ஆ என்று மட்டும் சொல்லும், எத்தனை வோல்ட் என்று சொல்லாது; 5 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால் உயிரை விட்டுவிடும். ரிமோட்டின் 100 மில்லிநொடியை 24 லட்சம் மாதிரியாக எடுத்து வைத்தது. 9 மில்லிநொடி, 4.5 மில்லிநொடி, அப்புறம் துடிப்புகள் வரிசையாக. எண்ணினேன்: 32 பிட் இல்லை, 19 பிட்டில் அறுந்துபோகிறது. செல்லை மாற்றிவிட்டு மறுபடி அழுத்தினேன், 32-உம் வந்தது.

ஆக, கடைசிக் கூட்டல் 8,380 ரூபாய். அதில் பெட்டிக்குப் போனது 100-க்கு 54. மிச்சம் 46, கடையில் யாரும் பேசாத சங்கதிகளுக்கு.

முதல் பக்கத்தில் வட்டம் போட்டிருந்த 225-ஐ அடித்துவிட்டேன். 20 மெகாஹெர்ட்ஸுக்குக் காசு கொடுத்தவன் அளந்ததில் பெரும்பகுதி 1 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே. மெகாஹெர்ட்ஸால் வகுப்பதில் பொருளில்லை. ஒழுங்காகப் பார்க்க முடிந்த 9 வரியோடு ரிமோட்டையும் சேர்த்தால் 10. 8,380-ஐப் பத்தால் வகுத்து, வரிக்கு 838 என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். பதினோராவது வரி ஒன்று ஒழுங்காகத் தெரிகிற அன்று அழித்துவிட்டு 762 என்று எழுதலாம்.